என்றாலும்

நமது புதுக்கவிதைக்கு நன்றி சொல்லத் தெரியாது. 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியதிலிருந்து எழுதப்பட்டவற்றில் தேறக்கூடிய கவிதைகளை அடுக்கிப் பார்த்தால் விரக்தி உண்டு, சீற்றம் உண்டு, கிண்டல் ஏராளமாக உண்டு, மரணம் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. கிடைத்த வாழ்வுக்காக ஒரு வார்த்தை சொன்ன கவிதைகளைத் தேடித்தான் எடுக்க வேண்டும். தேவதேவனைச் சிலர் நினைவூட்டக்கூடும். விதிவிலக்கு என்றுதானே அவரைச் சொல்ல முடிகிறது.

இதற்குக் காரணம் நம் கவிஞர்கள் சந்தோஷமே அறியாதவர்கள் என்பதல்ல. எனக்குத் தெரிந்தவர்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், குழந்தைகளைக் கொஞ்சுகிறார்கள், ஏற்காட்டுக்குப் போய்வருகிறார்கள். கவிதை எழுத உட்கார்ந்ததும் முகம் மாறிவிடுகிறது. துக்கம் தீவிரத்தின் அடையாள அட்டையாகிவிட்டது. அட்டை இல்லாதவனை உள்ளே விடுவதில்லை. 1968 முதல் 1970 வரை சேலத்திலிருந்து வந்த 'நடை'யின் பின்னணியில் இருந்த சி. மணி, 'நரகம்' எழுதியவர். அந்தக் கவிதையின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் உழைப்பை விட்டுவிட்டவர்கள் பிறகு வரிசையாக வந்தார்கள். மணியே பிற்காலத்தில் 'தாவோ தே ஜிங்'கைத் தமிழாக்கினார் என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. நரகத்திலிருந்து தாவோவுக்கு ஒரு கவிஞன் எப்படி வந்து சேர்ந்தான் என்பது எழுதப்பட வேண்டிய விமர்சனம். இங்கே என் விஷயம் வேறு.

நாம் விட்டுவிட்டதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நன்றி இன்று பஜனை மடத்தில் இருக்கிறது, மார்கழி சபாவில் இருக்கிறது, சுயமுன்னேற்றப் புத்தக அலமாரியில் இருக்கிறது, விடிந்தால் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு வருகிறது. துன்பத்தை எடுத்துவிட்டுத் தயாரித்த நன்றி இது. நாம் தயாரிப்பது மகிழ்ச்சியை எடுத்துவிட்ட துன்பம். இரண்டும் ஒரே மாதிரியான போலி என்பது என் எண்ணம்.

பி.ஏ. வகுப்பில் ஹாப்கின்ஸ் பாடமாக வந்தார். 1877இல் புள்ளியும் வரியுமாய்ப் பல நிறம் கொண்ட பொருள்களுக்காகக் கடவுளைப் புகழ்ந்து எழுதியவர், எட்டு வருஷம் கழித்து டப்ளினில், விடியாத இரவுகளைப் பற்றி அந்தப் பயங்கரமான சானட்டுகளை எழுதினார். மனிதர் ஒருவர், விசுவாசமும் ஒன்று. ஆனால் அவை தனித்தனிக் கவிதைகள். எனக்கு வேண்டியது இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் நிற்கிற இடம். அதைத் தேட டப்ளினுக்குப் போக வேண்டியதில்லை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே இருக்கும் இந்தப் புழுதிச் சமவெளியிலேயே சில பிரதிகள் இருக்கின்றன. ஒன்று மிகப் பிரபலமானது. பிரபலமானதாலேயே நம்மவர்கள் படிக்காதது.

'குறை ஒன்றும் இல்லை'யைச் சொல்கிறேன். எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் அது எல்லோருக்கும் தெரியும். இயற்றியவர் ராஜாஜி என்பது சற்றுக் குறைவானவர்களுக்குத் தெரியும். அன்றைய சேலம் ஜில்லாவின் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர், சேலத்தில் வக்கீல், 1917இல் சேலம் நகரசபைத் தலைவர், 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர். நாற்பது வயதாகுமுன் மனைவியை இழந்து ஐந்து குழந்தைகளோடு நின்றவர். மகள் ஒருத்தி இளம் வயதில் விதவையாகித் தந்தையின் வீட்டுக்கே திரும்பி வந்து கடைசிவரை அவரைக் கவனித்துக்கொண்டார். அந்த மகளின் பெயர் நாமகிரி. நாமக்கல் மலையடியில் இருக்கும் தாயாரின் பெயர்தான் அது. குறை ஒன்றும் இல்லை என்று எழுதிய கை இந்த வீட்டுக்குள் இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாட்டைப் பார்க்க வேண்டும்.

பக்தியின் சொல்லகராதியிலிருந்துதான் அவர் எடுக்கிறார். திருப்பாவையின் இருபத்தெட்டாம் பாட்டில் ஆண்டாள் கோவிந்தனைக் குறையே இல்லாதவன் என்று அழைக்கிறாள். அங்கே குறையின்மை கடவுளுக்கு அடைமொழி. மாடு மேய்க்கும் தாங்கள் அறிவு குறைந்தவர்கள், அறியாமல் செய்ததைப் பொறுத்துக்கொள் என்று பெண்கள் கேட்கிறார்கள். குறை இந்தப் பக்கம், நிறைவு அந்தப் பக்கம். ராஜாஜி இதைப் புரட்டிவிடுகிறார். குறையின்மை இப்போது பக்தனின் கூற்று. கடவுளோ கண்ணுக்குத் தெரியாமல், திரைக்குப் பின்னால், மலையுச்சியில் கல்லாகி நிற்கிறான். அதாவது குறை எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது! பாட்டில் சாதுவான வார்த்தைகள்தான் இருக்கின்றன. ஆனால் அது வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவது ஒரு குற்றப்பத்திரிகை. நீ தெரிவதில்லை. வேதம் படித்தவர்களுக்கு மட்டும் தெரிகிறாய். கல்லாக இருக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் பிறகு, எனக்குக் குறை இல்லை.

இவற்றை இணைக்கிற சொல் 'என்றாலும்'. பாட்டின் உயிர் அதில் இருக்கிறது. 'ஆகையால்' போட்டிருந்தால் இது காலண்டர் வாசகமாகியிருக்கும். நீ எல்லாம் தந்தாய், ஆகையால் எனக்குக் குறை இல்லை என்பது வரவைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ரசீது. தினமும் நானே அப்படிப் பத்து எழுதுகிறேன். 'என்றாலும்' என்று வரும்போது கணக்கு நேராகவில்லை என்பதும், நேராகாத கணக்கின் அடியில் ஒருவன் கையெழுத்திடுகிறான் என்பதும் சேர்ந்து கேட்கிறது. அந்த உம்மைக்குள் குறை அப்படியே இருக்கிறது. இதை முதலில் கேட்டவர் விமர்சகர் யாரும் அல்ல, இசையமைத்த கடையநல்லூர் வெங்கட்ராமன். தொடக்கத்துக்கு அவர் கொடுத்திருப்பது சிவரஞ்சனி. சொல் குறை இல்லை என்கிறது, ராகம் உண்டு உண்டு என்கிறது. சபாவில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாமலே சரியான இடத்தில்தான் அழுகிறார்கள்.

பாட்டு முழுவதும் இந்த உயரத்தில் நிற்கவில்லை. கேட்டதைத் தருகிறவன் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்கிற 'ஆகையால்' பல்லவியை ஒட்டியே எட்டிப் பார்க்கிறது. கடைசிச் சரணத்தில் அதுவே ஆட்சியைப் பிடித்துவிடுகிறது. அவன் மார்பில் கருணையே உருவான தாய் இருக்கிறாள், எதையும் தருவாள், பிறகு குறை ஏது? திரைக்கு வெளியே நின்றவன் உள்ளே அழைத்துக்கொள்ளப்பட்டுவிட்டான். சிந்துபைரவி வந்து எல்லாவற்றையும் ஆற்றிவிடுகிறது. வைஷ்ணவ சித்தாந்தத்தில் இதற்கு இடமுண்டு. தாயார் சிபாரிசு செய்வாள். கவிதையில் இது சரிவு. கவிதை கேட்ட கேள்விக்கு சித்தாந்தம் பதில் சொல்லிவிட்டுப் போகிறது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. திரைக்கு வெளியே நிற்பவன் யார்? 1920களில் திருச்சானூர் கோயிலுக்குள் பக்திப் பரவசத்தில் நுழைந்துவிட்ட தாழ்த்தப்பட்டவர் ஒருவருக்குக் கோயிலைத் தீட்டுப்படுத்திய குற்றத்துக்காகத் தண்டனை கிடைத்தது. ஒத்துழையாமைக்காக நீதிமன்றத்தையே துறந்திருந்த ராஜாஜி, சித்தூரில் அந்த வழக்கை எடுத்து வாதாடி அவரை விடுவித்தார். அவர் ஆட்சிக் காலத்தில், 1939இல், கோயில் நுழைவுச் சட்டமும் வந்தது. படித்தவர்கள் மட்டுமே காண முடிகிற கடவுளைப் பற்றி எழுதும்போது அந்தச் சித்தூர் மனிதர் அவர் நினைவில் வராமல் இருந்திருப்பார் என்று நம்புவது கஷ்டம். அப்படியானால் பாட்டு இன்னும் ஆழமாகிறது, இன்னும் உறுத்தவும் செய்கிறது. வெளியே நிறுத்தப்பட்டவன் தனக்குக் குறை இல்லை என்று சொன்னால் அது அவனுடைய ஆன்மிக வீரியம். உள்ளே நிற்கிறவன் அவனுக்காக அதை எழுதிக் கொடுத்தால் என்ன பெயர்? ராஜாஜி உள்ளே இருந்துகொண்டு வெளியே போராடியவர். ஆகவே அவரைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே பாட்டை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் காரில் ஏறுகிறவர்களுக்கு அந்த வரி எவ்வளவு சௌகரியமானது என்பதையும் பார்க்காமல் இருக்க முடியாது.

மலைமேல் கல்லாக நிற்பவன் என்கிற படிமம் பக்திக்கு ஒரு மாதிரி அர்த்தமாகிறது. திருச்செங்கோட்டு மலையில் வறடிக்கல்லைச் சுற்றும் பெண்ணுக்கு எப்படி அர்த்தமாகும்? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலில் பொன்னா அதைச் சுற்றுகிறாள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். பிள்ளை வேண்டும். இந்த நாவலைச் சுற்றி 2014 கடைசியில் எழுந்த கூச்சலும், 2015 ஜனவரியில் ஆசிரியர் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டதாக அறிவித்ததும், 2016 ஜூலையில் வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பும் தெரிந்த கதை. அந்த அமளியில் நாவலின் மையமான விஷயம் காணாமலே போயிற்று. காளியும் பொன்னாவும் சந்தோஷமானவர்கள். தமிழ் நாவலில் இவ்வளவு ஆசையோடு வாழும் தம்பதிகளைப் பார்ப்பது அபூர்வம். பன்னிரண்டு வருஷமாகியும் ஒருவர்மேல் ஒருவருக்குச் சலிக்கவில்லை. குறை அவர்களுக்கு வெளியே எண்ணப்படுகிறது. ஊர் எண்ணுகிறது, உறவு எண்ணுகிறது, விதைப்பிலும் விசேஷத்திலும் எண்ணுகிறார்கள். எண்ணி எண்ணிக் கடைசியில் அவர்களையே எண்ண வைத்துவிடுகிறார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு நன்றிக்குப் போதுமான வாழ்க்கை. அதைச் சொல்லும் பாஷை மட்டும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. குழந்தை இல்லாத பொன்னா எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால், அந்த ஊரில் அது அகம்பாவமாகத்தான் கேட்டிருக்கும். நம்பிக்கை அவளை ஆறுதலுக்குக் கொண்டுபோகவில்லை, பாறை விளிம்புக்குக் கொண்டுபோயிற்று.

ஆகவே யார் சொல்கிறார்கள் என்பது முக்கியம். இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிட என் கவுண்டரில்தான் அதிகம் தெரிந்துகொண்டேன். நாமக்கல்லில் எங்கள் கிளைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் லாரியோடும் கோழிப்பண்ணையோடும் சம்பந்தப்பட்டவர்கள். ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயது இருக்கும். மகன் லாரி டிரைவர். வடக்கே எங்கோ ரோட்டில் போய்விட்டான். விபத்துக் காப்பீட்டுப் பணம் அம்மாள் கணக்கில் ஏறியிருந்தது. பாஸ்புக்கை அச்சிட்டுக் கொடுத்து, "பணம் வந்திருச்சுங்கம்மா" என்றேன். அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமி ஒரு கொறையும் வெக்கலீங்க."

பின்னால் வரிசை இருந்தது. அவர் பாஸ்புக்கைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வாக்கியத்தை நான் பல மாதங்களாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் கிண்டல் இல்லை. தொனியை நான் கேட்டேன். கிண்டலே இல்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது. பணத்துக்கு நன்றியா? இருக்க முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது, அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. மகன் இருந்த வருஷங்களுக்கு நன்றியா? வங்கியில் எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம், ஒருநாள் நேராக்கிவிடலாம் என்று. இது நேராகிற தொகை அல்ல.

நமது சிறுகதையாசிரியர்களில் யாராவது அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவர் அதைக் கடைசி வரியாக வைத்து வாசகன் முகத்தில் அறைந்திருப்பார். மத மயக்கம் அம்பலம். இன்னொருவர் அந்த அம்மாளைத் தெய்வமாக்கியிருப்பார். அந்த வாக்கியத்தை வாக்கியமாகவே, அதன் எடையோடு, நகர்த்தாமல் வைக்கும் உருவம் நம்மிடம் இல்லை. இது மனோபாவக் கோளாறு மட்டுமல்ல, உருவத்தின் தோல்வி. புதுமைப்பித்தன் கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை வீட்டுக்கு அழைத்து வந்தபோது சிரிப்பை வைத்துச் சமாளித்தார். அதற்கு அவரைப் போன்ற ஒரு சிரிப்பு வேண்டும்.

இந்தப் பக்கத்துப் பேச்சில் அந்த உருவத்தின் ஒரு துண்டு கிடக்கிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று யாரும் சொல்வதில்லை. "ஏதோ சாமி புண்ணியத்துல ஓடுதுங்க" என்பார்கள். 'சாமி புண்ணியம்' நன்றி. முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஏதோ'வில் மழை பொய்த்தது, ஆயிரம் அடி துளைத்தும் போரில் தண்ணீர் வராதது, முட்டை விலை விழுந்தது எல்லாம் அடங்கியிருக்கிறது. ராஜாஜியின் 'என்றாலும்' செய்த வேலையை இந்த 'ஏதோ' தினமும் டீக்கடையில் செய்துகொண்டிருக்கிறது.

இதே திருச்செங்கோட்டில், தேவாரத்தின் கொடிமாடச் செங்குன்றூரில், ஏழாம் நூற்றாண்டில் நடந்ததாகச் சேக்கிழார் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. ஞானசம்பந்தர் அடியார்களோடு வந்து தங்கியிருக்கிறார். பனிக்காலம். கூட வந்தவர்களைக் குளிர்சுரம் பிடிக்கிறது. இந்த நாட்டில் இந்தப் பருவத்தில் இது வழக்கம்தான் என்று தெரிகிறது. நிலத்தின் இயல்பாக இருந்தாலும் நம்மை இது அடையலாகாது என்ற நினைவோடு சம்பந்தர் திருநீலகண்டப் பதிகத்தைப் பாடுகிறார். அவர்களுக்கு மட்டுமல்ல, அந்த நாட்டுக்கே நோய் நீங்கிற்று என்பது புராணம். (நீங்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கிளையில் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும்.)

எனக்கு அற்புதத்தில் ஆர்வமில்லை. அந்த உம்மையில் ஆர்வம். இயல்பாக இருந்தாலும்: இங்கும் ஒரு 'என்றாலும்'தான். ராஜாஜியின் உம்மை தணிவை நோக்கிப் போகிறது. இப்படியிருந்தும் முறையீடு இல்லை. சம்பந்தருடையது எதிர்த்திசை, இப்படியிருந்தும் ஒப்புக்கொள்ள மாட்டேன். துன்பம் இந்த மண்ணின் இயல்பு, கர்மம், அனுபவித்துத் தீர வேண்டியது என்ற விவேகம் அவருக்கும் தெரியும். இந்த வினைக்கு இது பலன் என்று ஊர் சொல்வதைக் குறிப்பிட்டுத்தான் பதிகம் தொடங்குகிறது. தெரிந்துகொண்டே சும்மா இருப்பது உமக்குக் குறை அல்லவா என்று உடனே ஒரு கேள்வி. தோப்பு வைத்தோம், குளம் வெட்டினோம் என்று செய்த வேலையைச் சொல்கிறார். இந்த வறண்ட சீமையில் அது சின்ன விஷயமல்ல. இன்பங்களையெல்லாம் சேர்த்து எங்களை விலை ஆவணம் எழுதி வாங்கிக்கொண்டவர் நீர் என்று பத்திரத்தை நீட்டுகிறார். வாங்கியவனுக்குப் பொறுப்பு உண்டு என்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் புரியும். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தீவினை எங்களைத் தொடலாகாது, திருநீலகண்டத்தின்மேல் ஆணை.

நீலகண்டம் என்பதைச் சடங்குச் சொல்லாக விட்டுவிடக் கூடாது. நஞ்சு விழுங்கப்படவில்லை, துப்பப்படவும் இல்லை. தொண்டையில், குரல் பிறக்கிற இடத்தில், நிற்கிறது. ஆணை அதன்மேல் இடப்படுகிறது. திருச்செங்கோட்டு மூலவரே வெண்பாஷாணத்தால் ஆனவர் என்று ஊரில் சொல்வார்கள். பாதத்தடியில் ஊறும் தீர்த்தத்தை நோய்க்கு மருந்தாகக் குடிப்பார்கள். பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் அந்த உருவத்தின் முன்தான் பொன்னாவும் நின்றிருப்பாள்.

இந்தப் பதிகத்தை முறையீடு என்பவர்கள் இருக்கிறார்கள், ஸ்தோத்திரம் என்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே அதன் பலம். தன்னை ஆட்கொண்டவனிடம்தான் சண்டை போட முடியும். பெற்றதை உணர்ந்தவனுக்குத்தான் பெறாததைக் கேட்க உரிமை. நம் புதுக்கவிஞன் துக்கப்படுகிறான், ஆனால் யாரிடமும் கேட்பதில்லை. கேட்பதற்கு எதிரில் ஒருவர் வேண்டும், அவரிடமிருந்து ஏற்கனவே ஏதாவது வாங்கியிருக்கவும் வேண்டும். கடவுள் இல்லை என்கிறவன் இதை எப்படிச் செய்வான் என்று கேட்கலாம். எனக்கே அன்றாடம் கடவுள் நிச்சயமில்லை. காலையில் பேருந்து ராசிபுரம் தாண்டும்போது கொல்லிமலை மேல் வெயில் ஏறுவதைப் பார்த்தால் யாருக்கோ சொல்ல வேண்டும் போலிருக்கிறது. பத்து மணிக்கு அந்த அம்மாளைப் போல ஒருவர் வந்து நிற்கும்போது அதே யாரிடமோ கேட்க வேண்டும் போலிருக்கிறது. முகவரி இரண்டுக்கும் ஒன்றுதான். வெயிலைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் எழுதி அதற்குத் தீவிரம் என்று பெயர் வைப்பது எனக்கு இப்போது நாணயமாகப் படவில்லை.

பதிகத்தின் ஐந்தாம் பாட்டில், எங்களை ஆளாக ஏற்றுக்கொண்ட பிறகு நாங்கள் சொல்வதைக் கேளாமல் இருப்பது உமக்குத் தகுமா என்று ஒரு கேள்வி வருகிறது. ஆறாம் பாட்டில் அதற்குப் பதில் இல்லை. பறித்த பூக்களோடு வந்து நிற்கிறார்கள். மறுபடியும் அதே ஆணை.